காப்பு கட்டிய ஐந்தாம் நாள்

மார்ச் 3, திங்கள்

மாலை 4.10க்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து வீடு திரும்பினோம். தவமணியின் வேட்புமனு ஏற்கப்பட்டுவிட்டது. குறிஞ்சாப்பட்டி ஊராட்சித் தலைவர் பதவிக்கு என் மனைவி வேட்பாளர். சின்னம் பூட்டு சாவி. பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் பெயர் அவளுடையது, வேலை என்னுடையது. இதை ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முன்பு தலைவியாக இருந்தது நல்லுச்சாமியின் மனைவி. ஐப்பசியில் இறந்துபோனார், அதனால்தான் இந்த இடைத்தேர்தல். பாவம், அந்த அம்மாள் அலுவலக நாற்காலியில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. நல்லுச்சாமிதான் உட்கார்ந்திருப்பார். இப்போது மருமகள் சுகந்தியை ஆட்டோ சின்னத்தில் நிறுத்தியிருக்கிறார். நாற்காலி தன் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது அவர் எண்ணம். கொஞ்ச நாள் என் வீட்டில் இருக்கட்டுமே என்பது என் எண்ணம்.

தவமணிக்கு ஒரே எண்ணம்தான், தண்ணீர். நல்லுச்சாமி தூங்கி எழுந்து ஆள் அனுப்பினால்தான் மேல்நிலைத் தொட்டியைத் திறப்பார்கள். ஒரு நாள் ஐந்து மணி, ஒரு நாள் பத்து மணி. பெண்கள் குடத்தோடு காத்துக் கிடந்துவிட்டு நூறு நாள் வேலைக்கு ஓடினால் அங்கே வருகைப்பதிவு முடிந்திருக்கும். "தெனமும் காலைல ஆறு மணிக்குத் தண்ணி. நான் சொல்லப்போறது அது ஒண்ணுதான்" என்கிறாள். நான் சமுதாயக்கூடம், உயர்கோபுர விளக்கு என்று பதினோரு வாக்குறுதி எழுதி வைத்திருந்தேன். பத்தை அடித்துவிட்டாள்.

நான் அரசுப் பேருந்துக் கழகத்தில் முப்பத்தொரு வருஷம் நேரக்காப்பாளனாக இருந்தவன். ஊட்டி, கடலூர், நாகர்கோவில் என்று எங்கெங்கோ டிப்போக்கள். பஸ் வந்த நேரம் போன நேரம் எழுதிப் பழகிய கை, மணி போடாமல் எதையும் எழுதாது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும். யார் படிக்கப் போகிறார்கள்!

மார்ச் 6, வியாழன்

வாக்குப்பதிவு மார்ச் 29, சனிக்கிழமை என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். இந்தத் தேதி நமக்கு ஆகாது.

காரணம் திருப்பூர். எங்கள் ஊர் இளவட்டங்கள் அறுபத்து மூன்று பேர் அங்கே பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். ஓட்டு இங்கே. இளைஞர் மன்றம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதற்குத் தலைவன் என் மருமகன் முருகையன். என் அக்கா மகன். அக்கா இறந்தபோது அவனுக்கு எட்டு வயது, நான்தான் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். தவமணிதான் சோறு போட்டு வளர்த்தாள். அவன் சொன்னால் அறுபத்து மூன்றும் பூட்டு சாவிக்குத்தான் விழும். ஆனால் சனிக்கிழமை அவர்களுக்குச் சம்பள நாள். வெறும் ஓட்டுப் போடுவதற்காக எவன் வருவான்? திருவிழா என்றால் வருவான்.

ஆக, தேதியை மாற்ற வேண்டும். நினைத்துவிட்டேன், முடித்துவிடுவேன்.

மார்ச் 9, ஞாயிறு

பகல் முழுக்க மனு எழுதினேன். எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிதான் வாக்குச்சாவடி. அதே பள்ளிதான் பத்தாம் வகுப்புப் பரீட்சை மையம். மாணவர் நலன் கருதித் தேர்தலைப் பரீட்சை முடிந்த பிறகு வைக்குமாறு கேட்பதில் என்ன தப்பு? மாணவர் நலனும் கருதத்தான் கருதுகிறேன்.

சித்திரையில் மாரியம்மன் திருவிழா. அந்தச் சமயத்துக்கு வருகிற மாதிரி தேதி கேட்கப் போகிறேன் என்று தவமணியிடம் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். அருவாமணையை மடக்கி வைத்துவிட்டு, கோயிலில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாள். இருபது நிமிஷம் கழித்து வந்து மறுபடி கத்தரிக்காயை எடுத்தாள்.

"பூசாரியப் பாத்தேன். ஏப்ரல் பதினஞ்சு காப்பு கட்டாம். இருபத்திரண்டு பொங்கல், மறுநாள் மஞ்சத்தண்ணி."

"நல்லதாப் போச்சு."

"எந்த நாள்னு பொத்தாம்பொதுவா விட்டீங்கன்னா அவங்க இஷ்டத்துக்குப் போட்டுருவாங்க. காப்பு கட்டி அஞ்சாம் நாள் சனிக்கிழமை வருது, பத்தொம்பது. பள்ளிக்கூடமும் லீவு. அதையே எழுதுங்க."

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் காப்பு பற்றி இங்கே குறித்துவைக்கிறேன். அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால், அதன் பிறகு எல்லைக்கல்லைத் தாண்டி ஊருக்குள் இருக்கும் ஊர்க்காரர் எவரும் மஞ்சள் நீர் முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. என் சின்ன வயதில் மதுரையில் மூட்டை தூக்கியவர்கள்கூட காப்புக்கு முதல் நாளே வந்து, ஒன்பது நாளும் இங்கேயே கிடப்பார்கள். ஊரே நெரியும். ஐந்தாம் நாள் ஓட்டு என்றால் ஒருத்தன் தப்ப முடியாது. என்னே என் மூளை!

"முருகையன்கிட்ட இப்பவே சொல்ல வேணாம். எழுத்துல வரட்டும்" என்றாள். அதுவும் சரி.

மார்ச் 10, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். பஸ் 6.25க்கு வர வேண்டியது 6.50க்கு வந்தது. அந்த நடத்துநரிடம் இரண்டு வார்த்தை கேட்டேன். வரிசையில் 112ஆம் ஆள். என் மனுவைப் பார்த்த அதிகாரி, "பரீட்சை பத்தி இன்னும் நாலு ஊர்லேருந்து மனு வந்திருக்கு. ஆனா நாள் குறிப்பிட்டு எழுதியிருக்கிறது நீங்க ஒருத்தர்தான். எங்களுக்கும் சௌகரியம்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பஜ்ஜி இரண்டு சாப்பிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

கடலைக்குத் தண்ணீர் கட்டினேன். பதில் வரவில்லை.

மார்ச் 19, புதன்

மாறிவிட்டது! வேட்புமனு, சின்னம் எல்லாம் அப்படியே இருக்கும், வாக்குப்பதிவு மட்டும் ஏப்ரல் 19க்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று பகல் 12.15க்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பசை ஈரம்கூடக் காயவில்லை. ஒரு மாநிலமே என் மனுவுக்கு அசைந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. மிகைதான். ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

நல்லுச்சாமி பழைய தேதியே வேண்டும் என்று எதிர்மனு கொடுக்க அலைகிறாராம். ஏன் இந்த மனுஷனுக்கு இவ்வளவு எரிச்சல்? தேதி யாருக்கும் பொதுதானே?

முருகையனுக்குப் போன் போட்டேன்.

"ஏப்ரல் பத்தொம்பதா மாமா? காப்புக்கு அப்புறமா?"

"ஆமாடா! மாமா மாத்துனதுடா!"

"சரி மாமா. பாப்போம்" என்று வைத்துவிட்டான். பையனுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

தவமணி விடியற்காலையே போய்விடுகிறாள். கண்மாய்க்கரையில் நூறு நாள் வேலை, அது முடிந்ததும் அந்தப் பெண்களோடு வீடு வீடாகப் போகிறாள். ஓட்டுக் கேட்கப் போகிற மாதிரியே தெரியவில்லை. ஒரு வீட்டில் பூண்டு உரிக்கிறாள், இன்னொரு வீட்டில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "இப்படியா பிரச்சாரம் பண்ணுவாங்க?" என்று கேட்டேன். "அவங்க பேசுறாங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். எங்கேயாவது வேட்பாளர் கேட்டுக்கொண்டிருப்பதுண்டா?

சோறு நான்தான் வடிக்கிறேன். ரசம் இன்று நன்றாக வந்தது. அதற்கு முந்தைய மூன்று நாளைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

நோட்டில் கணக்கெடுத்தேன். வீட்டுக்கு வீடு ஆம்பளைகளைப் பார்த்துப் பேசிவிட்டேன். "பாத்துக்குவோம்ணே" என்றவர்களை நம் பக்கம் போட்டேன். வெறுமனே தலையாட்டியவர்களை அந்தப் பக்கம் போட்டேன். ஒரு வீட்டில் நாலு ஓட்டு என்றால் நாலும் ஒரே பக்கம். அப்படிப் பார்த்தால் திருப்பூர் ஓட்டு இல்லாமல் நாம் நாற்பது குறைச்சல். அறுபத்து மூன்றும் வந்தால் ஜெயம். ஆண்டவன் புண்ணியத்தில் தேதியை மாற்றினேன்.

தவமணியிடம் நோட்டைக் காட்டினேன். நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, "இதுல பொம்பளைங்க எங்க இருக்காங்க?" என்றாள்.

"வீட்டுக்குள்ளதான் இருக்காங்க."

சிரித்துக்கொண்டே நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. என் மானம் போய்விட்டது.

எத்தனை பேர் எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று கேட்டு முருகையனுக்குப் போன் போட்டேன். பயல் மென்று விழுங்குகிறான்.

"மாமா, காப்புக்கு வந்தா ஒம்பது நாள் அங்கேயே உக்காரணும். ஒம்பது நாள் லீவு எவன் தருவான்? சீசன் நேரம். நாங்க யாருமே காப்புக்கு வர்றதில்ல மாமா. இருபத்தொண்ணு வருவோம், பொங்கலும் மஞ்சத்தண்ணியும் பாத்துட்டுக் கெளம்பிருவோம். வருஷா வருஷம் அப்படித்தானே?"

"ஓட்டுப் போட்டுட்டு அன்னைக்கே திரும்பிப் போங்கடா!"

"எல்லைக்கல்லத் தாண்டிட்டாக் கணக்குத்தானே மாமா. அம்மன் விஷயம். எங்க ஆத்தாளுகளே விட மாட்டாங்க."

போனை வைத்துவிட்டுத் தவமணியிடம் கத்தினேன். காப்புக்கு வருவார்கள் என்று நினைத்துத்தானே அந்தத் தேதியைக் கேட்டேன்! எந்தக் காலத்திலிருந்து இந்தப் பயல்கள் காப்புக்கு வராமல் போனார்கள்?

அவள் கத்தவில்லை. "நீங்க வேலைல இருந்தப்ப எத்தன காப்புக்கு வந்தீங்க?" என்றாள்.

யோசித்தேன். ஊட்டியில் சீசன். நாகர்கோவிலில் லீவு கிடைக்காது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு காப்புக்குக்கூட நான் வந்ததில்லை. பொங்கலன்று காலை வந்து இறங்குவேன், மஞ்சள் நீர் முடிந்ததும் கடைசி பஸ். ஒன்பது நாளும் விரதம் இருந்து, முளைப்பாரி போட்டு, முருகையனையும் பார்த்துக்கொண்டு இவள் தனியாக இருந்திருக்கிறாள். மூட்டை தூக்கியவர்கள் வந்தது என் அப்பா காலம். என் காலத்தில் நானே வரவில்லை. இது எனக்கு இன்று இரவு 8.40க்குத்தான் உறைத்தது.

தேர்தலை என் கையாலேயே தோற்கடித்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்றேன். "விடுங்க, சாப்பிடுங்க" என்றாள். அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. எப்பேர்ப்பட்ட மனசு!

ஏப்ரல் 9, புதன்

மனு எழுதிய பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பிறகு எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாலை 6.05க்குக் காப்புக் கட்டினார்கள். பூசாரி வீரமலை மஞ்சள் துணியை அம்மன் கையில் கட்டும்போது பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ரிட்டையர் ஆன இரண்டு வருஷமும் முழங்கால் வலி என்று வீட்டிலேயே கிடந்தேன். நேரில் பார்ப்பது இப்போதுதான். வேப்பிலை வாசம் இன்னும் சட்டையில் இருக்கிறது. தோற்றாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

கூட்டத்தில் ஆண்கள் கொஞ்சம், பெண்கள் எக்கச்சக்கம்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும், எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

பூசாரியிடம் ஒரு விதிவிலக்கு கேட்கலாம் என்று காலை 10 மணிக்குக் கோயிலுக்குப் போனேன். திருப்பூர்ப் பிள்ளைகள் வந்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓட்டுப் போட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டால் குற்றமில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனால், நல்லுச்சாமி எனக்கு முன்னால் அங்கே நிற்கிறார். அவர் கேட்டுக்கொண்டிருந்ததும் அதே!

"சட்டம் வேற, சாமி வேற வீரமலை. ஓட்டுங்கிறது ஜனநாயகக் கடமை. பசங்க வந்து போட்டுட்டுப் போகட்டும். வேனுக்கு நான் சொல்றேன்."

எனக்கு ஒரே ஆச்சரியம். என் ஓட்டுகளுக்கு இந்த ஆள் எதற்கு வேன் பிடிக்கிறார்? ஆனாலும் பெருந்தன்மைதான் என்று நினைத்து நானும் சேர்ந்துகொண்டேன். "நல்லுச்சாமி சொல்றது நியாயம்தான்" என்றேன். நல்லுச்சாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எதிரெதிர் அணி இரண்டும் ஒரே கோரிக்கையோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

பூசாரி தலையைச் சொறிந்தார். மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த பெண்கள் உலக்கையை நிறுத்திவிட்டார்கள். சாந்தாமணி என்பவள், அவள் மகனும் திருப்பூரில்தான், எழுந்து வந்தாள்.

"ஏன் பூசாரி, போன வருஷம் எம்மவன் அப்பனுக்கு ஒடம்பு சரியில்லன்னு வந்தான். ராத்திரியே திரும்பணும்னு கெஞ்சுனான். விட்டியா? அம்மை போட்ரும்னு சொல்லி அஞ்சு நாள் உக்கார வெச்ச. வேலையே போச்சு. இப்ப ஓட்டுக்குன்னா மட்டும் அம்மன் கண்ண மூடிக்குமா?"

"அதான, எம்மவனுக்கு ஒண்ணு ஆனா நல்லுச்சாமி வந்து பாப்பாரா?" என்று இன்னொருத்தி. அப்புறம் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கோயில் மணியே கேட்காத அளவுக்குச் சத்தம்.

கூட்டத்துக்கு நடுவில் தவமணி நின்றாள். "நீயாவது சொல்லேன், நம்ம ஓட்டுதானே!" என்று சாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்காத மாதிரி உலக்கையை எடுத்து இடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மொறை மொறைதான்" என்று பூசாரி முடித்துவிட்டார்.

நல்லுச்சாமி சைக்கிளை ஸ்டாண்டு எடுக்க மறந்து தள்ளிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்ததும் தவமணியிடம் கோபமாகக் கேட்டேன், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. "அம்மன் சமாச்சாரம். நம்ம தேவைக்கு வளைக்கலாமா?" என்றாள். அவள் பக்தி எனக்கு இல்லை.

ஏப்ரல் 19, சனி

வாக்குப்பதிவு. காலை 7 மணிக்கு வரிசை நின்றது. 7.20க்கு நான் போட்டேன். ரோஸ் நிறச் சீட்டு. முத்திரை குத்தி, மை காய ஊதி, நேராக மடித்தேன்.

காப்பு சமயத்தில் வெளியூரில் தங்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், தேர்தல் வேலைக்கு வந்த டீச்சர் அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போனது. "சார், நான் வீட்டுக்குப் போலாம்ல?" என்று என்னைக் கேட்டார். அது ஊர்க்காரர்களுக்கு மட்டும்தானம்மா என்று தைரியம் சொன்னேன்.

திருப்பூரிலிருந்து ஒருத்தனும் வரவில்லை. நான் வாசலில் நின்று பஸ் பஸ்ஸாகப் பார்த்தேன். பெண்கள் மட்டும் தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக ஏதோ பால்குடத்துக்குப் போகிற மாதிரி ஓட்டுப் போடப் போனார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

துணி துவைத்தேன். நாளை ஒன்றிய அலுவலகத்தில் எண்ணிக்கை. என்ன ஆறுதல் சொல்வது என்று நான்கு வாக்கியம் யோசித்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பதிவான ஓட்டு 611. ஆட்டோ 288. செல்லாதவை 11. பூட்டு சாவி 312.

இருபத்து நான்கு ஓட்டு வித்தியாசத்தில் தவமணி ஜெயித்துவிட்டாள். நேரம் பிற்பகல் 2.35. என் நோட்டுப்படி இது நடக்கவே முடியாது. அதிகாரியிடம் இன்னொரு தடவை எண்ணச் சொல்லலாமா என்று கேட்டேன். "ஜெயிச்ச பக்கத்துக்காரர் மறு எண்ணிக்கை கேக்கிறத இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

இரவு ஊரில் இருக்க வேண்டுமே என்று அவசரமாகக் கிளம்பினோம். பஸ்ஸில் அவள் தலையை என் தோளில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில், பொது பஸ்ஸில் இது முதல் தடவை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு வாக்கியம் வீணாகப் போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பொங்கல். திருப்பூர்ப் பட்டாளம் நேற்று ராத்திரியே வந்து இறங்கியிருக்கிறது. முருகையன் காலையில் வீட்டுக்கு வந்தான். தவமணிக்கு ஒரு சேலை வைத்துக் கொடுத்தான், காலில் விழுந்தான். "அத்த, மன்னிச்சிரு அத்த" என்றான். ஓட்டுப் போட வரவில்லையே என்ற வருத்தம் போல. "எந்திரிடா, சாப்பிடு" என்று அவனுக்குச் சாம்பார் ஊற்றினாள். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை பயல். வெட்கப்படாதடா, மாமா ஜெயித்தாச்சு என்று முதுகில் தட்டினேன். அவனுக்குப் புரையேறிவிட்டது.

ஏப்ரல் 26, சனி

காலை 9 மணிக்கு டீக்கடை. நல்லுச்சாமி எதிரில் வந்து உட்கார்ந்தார். இரண்டு டீ சொன்னார்.

"என்ன இருந்தாலும் நீ கெட்டிக்காரன்யா பழனியாண்டி. மன்றத்துக்குக் கட்டடம் கட்டித் தர்றேன், கல்வெட்டுல அவன் பேரு போடுறேன்னு சொல்லி உன் மருமகன மாசி மாசமே மடக்கி வெச்சிருந்தேன். அறுபத்து மூணு ஓட்டும் ஆட்டோவுக்குன்னு என் கையில அடிச்சு சத்தியம் பண்ணான். மார்ச் இருபத்தொம்பதுன்னதும் பஸ்ஸே பேசிட்டேன். நீ தேதிய மாத்தி, கரெக்டா காப்புக்குள்ள கொண்டாந்து அமுக்கிட்டியே! கோயில்ல வந்து என் பக்கத்துல நின்னு நீயும் பசங்க வரட்டும்னு ஒரு நடிப்பு நடிச்ச பாரு. அப்பப்பா!"

"பின்னே?" என்றேன். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தவமணி பின்வாசலில் வேப்பம்பூ காயவைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"எப்பலேருந்து தெரியும்?"

நான் எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "மாசியிலயே தெரியும். சாந்தாமணி மவன் அவன் அம்மாகிட்ட ஒளறிட்டான்."

"அப்ப கோயில்ல அவ்வளவு சத்தம் போட்டாங்களே பொம்பளைங்க..."

"எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியாது."

அவள் வேப்பம்பூவைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள். "தெரிஞ்சா நேரா திருப்பூருக்குப் போய் அவன்கூட மல்லுக்கு நிப்பீங்க. அவனும் வீம்புக்குக் காப்புக்கு முன்னாடியே எல்லாரையும் கூட்டிட்டு வந்து உக்காந்துருவான். அது ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"தோள்ல தூக்கிட்டு வந்த புள்ள. உங்களுக்குத் தாங்காதுங்க. தேர்தல் முடியட்டும், அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மெதுவாச் சொல்ற நேரம் வரவே இல்ல."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். முருகையனுக்காக அழுதேனா, இவளுக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என்னைப் பற்றி இவ்வளவு யோசித்துக்கொண்டு ஒருத்தி பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். நான் ரசத்துக்கு உப்பு சரியா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப தேதிய மாத்துனது நீயா?"

"நீங்கதான் மாத்துனீங்க. மனுவுல கையெழுத்து உங்களுது" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். நான்தான் அழுகையோடு சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

காலை 10.30 பதவியேற்பு. உறுதிமொழியைத் தடுமாறாமல் படித்தாள். தண்ணீர் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் சாந்தாமணி.

மே 4, ஞாயிறு

முருகையன் வந்திருக்கிறான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே சொல்லிவிட்டு விம்மினான். கல்வெட்டில் பெயர் வரும் என்றதும் புத்தி கெட்டுப்போச்சு மாமா என்றான். எனக்கும் ஒரு நாற்காலி மீது கண் இருந்தது மாப்ள, உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றேன். ஒரே தட்டில் பலாச்சுளை சாப்பிட்டோம்.

மன்றத்துக்கு இடம் கேட்டு மனு எழுதிக்கொண்டு வந்திருந்தான். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அத்தை கேக்கும் மாமா." அப்படியா நினைக்கிறாய் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. இரவுச் சாப்பாட்டின்போது மனுவைத் தவமணியிடம் நீட்டினேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ்ல குடுக்கச் சொல்லுங்க. வரிசை இருக்கு" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டாள்.

மே 5, திங்கள்

முருகையனோடு நானும் போனேன். ஊராட்சி அலுவலகத்தில் காலை 9.50க்கே வரிசை வாசல் தாண்டி நின்றது. நாங்கள் பதினேழும் பதினெட்டும். வெயில். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் குடையில் கொஞ்சம் இடம் கொடுத்தாள்.

சன்னல் வழியாகத் தவமணி தெரிந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தர் சொல்வதையும் கேட்டாள். சிலரிடம் முடியாது என்றாள். அந்தப் பதில் கிடைத்தவர்களும் திட்டாமல் வெளியே வந்தார்கள். ஒரு கிழவருக்கு எழுந்து நின்று பதில் சொன்னாள். நான் எத்தனையோ டிப்போ மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒருத்தர்கூட இல்லை. கால் வலித்தது, ஆனால் வரிசை மெதுவாக நகர்வதில் எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

முருகையன் மனுவை வாங்கிப் பதிவேட்டில் எழுதினாள். கிராமசபையில் வைக்கிறேன், அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்றாள். அவன் நகர்ந்தான். என் முறை.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். மற்றவர்களைக் கேட்ட அதே குரலில், "சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

கையில் காகிதம் எதுவும் இல்லை. பின்னால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் வேணாம்" என்றேன். "சும்மா பாக்கலாம்னு வந்தேன்."

பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தவமணிக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. பேனாவை எடுத்தாள், வைத்தாள், பிறகு வரிசையைப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்றாள்.

மணி பார்க்க மறந்துவிட்டேன்.